நாய்க்குட்டியும் நனையும் கால்மிதியும்

நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒன்றுக்குப் போகும் விஷயத்தில்தான் வந்து நிற்கும். "வெளியே அரை மணி நேரம் நின்றோம், போகவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினதும் ஹாலிலேயே போய்விட்டது" என்பார் ஒருவர். "எங்கள் வீட்டில் மெத்தை மேலேயே" என்பார் இன்னொருவர். செல்லி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வயது எட்டு வாரம். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்குகிற அளவு. அந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோருடைய கண்ணும் தரை மேலேயே இருந்தது.

அவளை வளர்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குட்டி வீட்டுக்குள் போனால் அதற்குக் கட்டாயம் ஒரு காரணம் இருக்கிறது. எப்போது போனது, எங்கே போனது, எதன் மேல் போனது, எவ்வளவு போனது, இந்த நான்கையும் கவனித்தால் காரணம் கிடைத்துவிடும். ஒரு குட்டிக்கு அடக்கத் தெரியாது. இன்னொன்றுக்கு இடம் தெரியாது. மூன்றாவது பயத்தில் விடுகிறது, நான்காவதுக்கு உடம்பு சரியில்லை. நான்குக்கும் ஒரே வைத்தியம் செய்தால் எப்படி நிற்கும்?

முதலில் "எதன் மேல்" என்பதைப் பற்றி. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

செல்லி வெறும் டைல்ஸ் தரையில் போனது மிகக் குறைவு. கால்மிதியில் போவாள். கட்டிலிலிருந்து போர்வை நுனி தொங்கினால் அதன் மேல் போவாள். குளித்துவிட்டுப் போட்ட துண்டு, மகனின் பள்ளிப் பை, எது மெத்தென்று இருந்தாலும் சரி. முன்னங்கால் இரண்டையும் அதில் வைத்து, மோந்து பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி உட்காருவாள். தோட்டத்துக்குத் தூக்கிப் போனால் மண்ணில் நின்று திருதிருவென்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பிறந்த வீட்டில் குட்டிகளை வளர்த்தது பழைய துணி விரித்த ஒரு மூலையில். விசாரித்தபோது அதைச் சொன்னார்கள். அப்புறம் எல்லாம் புரிந்தது.

பிறந்து முதல் இரண்டு மூன்று வாரம் குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும், தாயே சுத்தம் செய்துவிடும். மூன்று வாரத்துக்கு மேல் கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், படுக்கிற இடத்தை விட்டு நகர்ந்து போய்க் கழிக்கும். அந்த நாட்களில் காலுக்கு அடியில் எது இருந்ததோ, அதுதான் கழிக்கிற இடம் என்று குட்டிக்குப் பதிகிறது. சுமார் எட்டு ஒன்பது வாரத்துக்குள் இந்தப் பழக்கம் நன்றாக ஊன்றிவிடும். புல்லில் வளர்ந்த குட்டி புல்லைத் தேடும். சிமென்ட் தரையில் வளர்ந்தது சிமென்ட்டைத் தேடும். செய்தித்தாளில் வளர்ந்த குட்டி, நீங்கள் படித்துவிட்டுக் கீழே வைத்த பேப்பரில் போனால் அது குறும்பு கிடையாது. அதற்குத் தெரிந்த கழிப்பிடம் அதுதான். அது அறையையோ வாசலையோ பார்த்து இடத்தை அடையாளம் வைப்பதில்லை, பாதத்தில் படுவதை வைத்து முடிவு செய்கிறது.

அதனால் குட்டியை வாங்கும்போதே, தத்து எடுக்கும்போதே, "இதுவரை எதன் மேல் போய்க்கொண்டிருந்தது?" என்று கேட்டுவிடுங்கள். தடுப்பூசி பற்றிக் கேட்கிற அளவுக்கு இதுவும் முக்கியம். நாங்கள் செய்தது இதுதான். வீட்டில் எல்லாக் கால்மிதிகளையும் விரிப்புகளையும் சுருட்டிப் பரண் மேல் போட்டோம். அவள் ஏற்கெனவே நனைத்த ஒரு துணியை எடுத்துத் தோட்டத்தில் ஓரமாக விரித்து, பறக்காமல் நான்கு பக்கமும் கல் வைத்தோம். தூங்கி எழுந்ததும் நேராக அங்கே. வாசனையும் அவளுடையது, துணியும் அவளுக்குப் பழக்கமானது, உடனே போனாள். பிறகு அந்தத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துச் சிறிதாக்கிக்கொண்டே வந்தோம். கைக்குட்டை அளவுக்கு வந்தபோது அவள் துணியை விட்டு மண்ணில்தான் உட்கார்ந்துகொண்டிருந்தாள். துணியை எடுத்துப் போட்டதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

கூண்டிலேயே அடைத்து வளர்க்கப்பட்ட குட்டிகள் கொஞ்சம் கடினம். படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்கிற இயல்பு எல்லாக் குட்டிக்கும் உண்டு. வேறு வழியில்லாமல் படுத்த இடத்திலேயே கழித்துப் பழகிய குட்டிக்கு அது மழுங்கிப்போயிருக்கும். அந்தக் குட்டியிடம் கூடுதல் பொறுமை வேண்டும். அதற்குத் தெரியாதது ஒன்றும் அதன் குற்றமில்லை.

இனி "எப்போது". குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். இந்தக் கணக்கை நம்பி மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே கூட்டிப்போகிறவர்கள்தான் அதிகம் துடைக்கிறார்கள். அந்தக் கணக்கு, குட்டி சும்மா படுத்திருக்கும்போது அதிகபட்சமாக எவ்வளவு தாங்கும் என்பதற்குத்தான். விழித்திருந்து ஓடியாடும் குட்டிக்கு அது பொருந்தாது. விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் இரண்டு மாதக் குட்டிக்கு அரை மணிக்கு ஒரு முறைகூட வரும். சின்ன இனங்களுக்கு மூத்திரப்பையும் சிறிது, அதற்குத் தகுந்தபடி இன்னும் அடிக்கடி.

எந்தக் குட்டிக்கும் தவறாத நேரங்கள் சில உண்டு. தூங்கி எழுந்ததும். சாப்பிட்டு முடித்து ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள். தண்ணீர் குடித்த சிறிது நேரத்தில். விளையாட்டின் நடுவிலோ முடிவிலோ. யாராவது வீட்டுக்கு வந்த பரபரப்பில். சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு. அதனால் சாப்பாட்டு நேரத்தை ஒழுங்காக வைத்தால் மலம் கழிக்கும் நேரமும் தானாக ஒழுங்குக்கு வரும். நாள் முழுவதும் தட்டில் சாப்பாடு இருந்துகொண்டே இருந்தால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் விஷயம் வேறு. வீடு நனைகிறதே என்று பகலில் தண்ணீரைக் குறைப்பது வேண்டவே வேண்டாம். குட்டிகள் சீக்கிரம் வறண்டுபோகும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். யார் ஈரத்தைப் பார்த்தாலும் துடைப்பதற்கு முன்னால் எழுத வேண்டும். "எழுந்ததும், கட்டில் பக்கம், போர்வை மேல், நிறைய." "மாலை விளையாட்டில், சோபாவுக்குப் பின்னால், தரையில், கொஞ்சம்." இப்படிச் சில நாள் எழுதியதுமே ஒழுங்கு தெரிந்துவிட்டது. பகலில் தப்பு மிகக் குறைவு. மகன் பள்ளியிலிருந்து வந்து அவளோடு பந்து விளையாடும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலும் நடந்தது, அதுவும் சோபாவுக்குப் பின்னால். அப்புறம் என்ன, பந்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு முறை தோட்டம், விளையாட்டை நடுவில் நிறுத்தி ஒரு முறை தோட்டம் என்று வைத்தோம். சோபாவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினோம். மாலைத் தொல்லை அதோடு விட்டது. இந்தத் தாள் இல்லாமல் இருந்திருந்தால் "எந்நேரமும் போகிறது" என்றுதான் நாங்களும் சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

வெளியே கூட்டிப்போவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரே வாசல், ஒரே வழி, ஒரே இடம். லீஷ் போட்டுக் கூட்டிப்போய், அந்த இடத்தில் மரம் மாதிரி நின்றுவிட வேண்டும். பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, விளையாட்டுக் காட்டக் கூடாது. சுற்றிலும் ஒன்றும் நடக்காவிட்டால் குட்டி மோந்து பார்க்கும், கீழே மோந்தால் வரும். உட்கார்ந்ததும் மெதுவாக ஒரு சொல்லைச் சொல்லுங்கள். நாங்கள் "உச்சா போ" என்போம். தினமும் அதே சமயத்தில் அதே சொல்லைக் கேட்டுக் கேட்டு, பிற்பாடு அந்தச் சொல்லைச் சொன்னாலே போகும். மழை நாளிலும் பயணத்திலும் இது எவ்வளவு உதவும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

முடித்ததும் அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே ட்ரீட் கொடுத்துக் கொஞ்ச வேண்டும். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் குட்டி எடுத்துக்கொள்ளும். அதனால் ட்ரீட் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். ஆனால் இன்னும் போய்க்கொண்டிருக்கும்போதே ஆர்ப்பாட்டம் செய்து பாராட்டிவிடாதீர்கள். பாதியில் எழுந்து ஓடிவரும், மீதியை உள்ளே வந்து விடும். குட்டிகள் பல சமயம் ஒரே மூச்சில் முடிப்பதில்லை. இரண்டு நிமிடம் பொறுத்தால் இரண்டாவது முறை உட்காரும். உள்ளே வந்ததும் போகிறது என்கிற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம்.

மீதிப் பாதிக்குக் காரணம், போன உடனே உள்ளே தூக்கி வந்துவிடுவது. குட்டிக்கு வெளியே இருப்பது சந்தோஷம். ஒன்றுக்குப் போனால் சந்தோஷம் முடிந்துவிடுகிறது என்று அதற்குப் பட்டால், முடிந்தவரை அடக்கிக்கொண்டு வெளியிலேயே சுற்றப் பார்க்கும். முதலில் போகட்டும், அதன் பிறகு விளையாட்டு, நடை எல்லாம் என்று வரிசையை மாற்றினால் நீங்களும் அவ்வளவு நேரம் காத்து நிற்க வேண்டியிருக்காது.

வீட்டுக்குள் இருக்கும் நேரத்துக்கு வருவோம். விழித்திருக்கும் குட்டி ஒன்று கண் பார்வையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சின்ன இடத்துக்குள் இருக்க வேண்டும். வீடு முழுவதும் சுற்றும் உரிமையை முதல் நாளே கொடுக்க வேண்டாம். நான் வேலை செய்யும்போது செல்லியின் லீஷை இடுப்பில் கட்டிக்கொள்வேன். அவள் நகர்ந்தால் எனக்குத் தெரிந்துவிடும். விளையாட்டைச் சட்டென்று நிறுத்துவது, மூக்கைத் தரையோடு வைத்து வட்டமடிப்பது, ஆள் இல்லாத அறைப் பக்கம் நழுவுவது, முனகுவது, இவை அறிகுறிகள். செல்லிக்கு இன்னொன்றும் உண்டு. வாலை ஒரு மாதிரி விறைத்து வைத்துக்கொண்டு பின்னங்காலைச் சற்று அகட்டி நடப்பாள். உங்கள் குட்டிக்கும் இப்படி ஒரு தனி அடையாளம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை பாதி குறையும்.

கிரேட், அதாவது குட்டி படுக்கும் சின்னக் கூண்டு, வைப்பதென்றால் அளவு முக்கியம். குட்டி நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் கழித்துவிட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். கதவைத் திறந்து வைத்து, உள்ளே ட்ரீட் போட்டு, அதுவாக நுழையப் பழக்க வேண்டும். தண்டனையாக உள்ளே தள்ளிப் பூட்டினால் அந்த இடத்தையே வெறுத்துவிடும். பல மணி நேரம் அடைத்து வைப்பதும் தப்பு. அடக்கவே முடியாத நேரத்துக்கு அடைத்து வைத்தால், படுத்த இடத்தில் போகக் கூடாது என்கிற இயல்பை நாமே கெடுத்த மாதிரி ஆகிவிடும்.

இரவு நினைப்பதைவிட எளிது. தூக்கத்தில் சிறுநீர் குறைவாகத்தான் சுரக்கும். படுப்பதற்குச் சற்று முன் ஒரு முறை கூட்டிப்போய், குட்டியின் படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அது நெளிந்து முனகும்போது உங்களுக்கு விழிப்பு வரும். பெரிய விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், தூக்கிப்போய்க் கொண்டுவந்து படுக்க வைக்க வேண்டும். கொஞ்சினால் அது விளையாட்டு நேரமாகிவிடும்.

சரி, கண்ணில் படாமல் உள்ளே போய்விட்டது. என்ன செய்வது? துடைப்பது மட்டும்தான். ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, "மூக்கைப் பிடிச்சு அதிலேயே ஒரு தேய் தேயும்மா, அப்பத்தான் புத்தி வரும். நாங்க எல்லாம் அப்படித்தான் பழக்கினோம்" என்றார். "அது போனது அரை மணிக்கு முந்தி பெரியப்பா. இப்போ அடிச்சா எதுக்கு அடிக்கிறோம்னு அதுக்குத் தெரியாது" என்றேன். "தெரியாம என்ன, மூஞ்சியைப் பாரு, தப்புப் பண்ணின முழி முழிக்குது" என்றார்.

அந்த முழியைப் பற்றி அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற ஆய்வாளர் 2009-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்று வளர்ப்பவருக்குச் சொல்வார்கள், சில சமயம் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். நாய் தின்றிருந்தாலும் தின்னாவிட்டாலும், திட்டு விழுந்தபோதுதான் அந்தக் குற்ற முகம் அதிகம் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகவே தெரிந்தது. ஆக, காது மடங்குவதும் கண்ணைத் திருப்பிக்கொள்வதும் நம் முகத்தையும் குரலையும் பார்த்து வருவது. செய்ததை நினைத்து வருந்துகிற முகம் என்று எடுத்துக்கொண்டு அடித்தால், குட்டி கற்பது ஒன்றுதான்: இவர்கள் கண் முன்னால் ஒன்றுக்குப் போவது ஆபத்து. அதற்குப் பிறகு அது சோபாவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் போய் ஒளிந்து கழிக்கும். வெளியே லீஷ் பிடித்து நீங்கள் நின்றால் பக்கத்தில் போகவே போகாது. அடி வாங்கி வளர்ந்த குட்டிகளைப் பழக்குவது ஏன் இவ்வளவு கடினமாகிறது என்றால் இதனால்தான். மூக்கைத் தேய்ப்பதை நான் எங்கே பார்த்தாலும் தடுத்துவிடுவேன்.

போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால், கத்தாமல் "வா வா வா" என்று இயல்பான குரலில் கூப்பிட்டுக்கொண்டே தூக்கிவிடுங்கள். தூக்கியதும் பெரும்பாலும் நின்றுவிடும். வெளியே விட்டு, மீதியை அங்கே முடித்தால் வழக்கம்போலப் பாராட்டு.

துடைப்பதில்தான் நிறைய இருக்கிறது. நமக்கு வாசனை போனால் குட்டிக்கும் போய்விட்டது என்று நினைக்க முடியாது. அதன் மூக்கு வேறு. பழைய வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அந்த இடம் அதற்குக் கழிப்பிடம்தான். முதலில் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பழைய துணியையோ தடித்த காகிதத்தையோ வைத்துக் காலால் அழுத்தினால் விரிப்புக்குள் இறங்கியது மேலே வரும். தேய்த்தால் பரவும், உள்ளே இறங்கும். அப்புறம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி மறுபடி ஒற்ற வேண்டும். விரிப்பில் கொதிநீரோ நீராவியோ வேண்டாம், கறையும் வாடையும் இழையில் பிடித்துக்கொள்ளும். கடைசியில் என்சைம் கலந்த கிளீனர். சிறுநீரில் உள்ள வாடைப் பொருள்களை அது சிதைக்கும். ஆனால் தெளித்து உடனே துடைத்தால் பயனில்லை. பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாக ஊற வேண்டும். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் அதுவும் இறங்க வேண்டும். அது கிடைக்காதபோது பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, காய்ந்ததும் சமையல் சோடா தூவிக் கூட்டி எடுப்பது ஓரளவு உதவும்.

அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம். சிறுநீரில் உள்ள யூரியா சிதைந்தால் வருவதும் அம்மோனியாதான், அந்த வாடை குட்டியைத் திரும்ப அதே இடத்துக்குக் கூப்பிடும். பிளீச்சை நேராகச் சிறுநீர் மேல் ஊற்றுவதும் கூடாது, நச்சு வாயு கிளம்பும். பினாயில் வாசனை நம் மூக்கைத்தான் ஏமாற்றும். ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும் குட்டிக்கு அது நல்லதும் இல்லை. எங்கே போயிருக்கிறது என்றே தெரியாமல் வாடை மட்டும் வந்தால், இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் பளிச்சென்று தெரியும். எங்கள் வீட்டில் திரைச்சீலையின் அடி ஓரம் அப்படித்தான் கிடைத்தது. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் பரவக்கூடியது. அதனால் கையுறை போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுவது நல்ல பழக்கம்.

பெரியப்பா விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அவரிடம் செல்லி நடந்துகொண்டது வேறு வகை. அவர் நல்ல உயரம், குரலும் கணீரென்று இருக்கும். "எங்கே அந்தக் குட்டி" என்று உள்ளே வந்து, குனிந்து, அவள் தலைக்கு மேல் கையை நீட்டியதும் அவள் காதை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, அவர் கால் பக்கத்திலேயே சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டாள். சற்று முன்தான் தோட்டத்துக்குப் போய் வந்திருந்தாள். இது பணிந்து போவதாகக் காட்டும் சிறுநீர். "நான் சின்னவள், என்னை ஒன்றும் செய்யாதே" என்று நாய் தன் மொழியில் சொல்வது. அவள் அறிந்து செய்வதில்லை. இதற்குத் திட்டினால் இன்னும் பயந்து இன்னும் விடும்.

பெரியப்பாவிடம், "நீங்க சோபாவில உட்காருங்க, அவளைப் பார்க்காதீங்க, அவளா வரட்டும்" என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து அவர் செருப்பில்லாத காலை மோந்தாள். அவர் கையைக் கீழே தொங்கவிட்டார். அதையும் மோந்து, தாடையை அவர் விரலில் வைத்துக்கொண்டாள். தலைக்கு மேலிருந்து கை வராமல் தாடைக்குக் கீழே மெதுவாகச் சொறிந்தால் சொட்டுக்கூட வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்வரை அவர் அப்படித்தான் அவளைக் கொஞ்சினார். சந்தோஷத்தில் துள்ளும்போது விடும் குட்டிகளும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் முதல் சில நிமிடம் கண்டுகொள்ளாமல் இருந்து, அது அடங்கிய பிறகு தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து கொஞ்சினால் போதும். இரண்டு வகையும் பெரும்பாலான நாய்களுக்கு ஒரு வயதுக்குள் தானாக மறையும்.

மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ட்ரெயினிங் பேட், அதாவது குட்டி கழிப்பதற்காகத் தரையில் போடும் ஈரம் உறிஞ்சும் விரிப்பு, தவிர்க்க முடியாமல் போகலாம். தடுப்பூசி முடியும் வரைக்கும் அது நல்லதும்கூட. குட்டிகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். தெரியாத நாய்கள் புழங்கும் இடத்துக்குச் சுமார் 16 வாரத்தில் குட்டித் தடுப்பூசிகள் முடிவதற்கு முன் கொண்டுபோகாமல் இருப்பது பாதுகாப்பு. எப்போது வெளியே விடலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பேட் துணி மாதிரி இருப்பதால், பேடில் பழகிய குட்டி கால்மிதியையும் பேடாகத்தான் எண்ணும். பிற்பாடு வெளியே பழக்க நினைத்தால் பால்கனியில் நிஜப் புல் வைத்த தட்டு நல்லது. பேட்தான் என்றால் அதைத் தினமும் கொஞ்சம் வாசல் பக்கம் நகர்த்தி, கடைசியில் வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

"எவ்வளவு" என்பது கடைசியாக வருகிறது. மருத்துவரிடம் போக வேண்டுமா என்பதை அதுதான் சொல்லும். செல்லி ஐந்து மாதத்தில் நன்றாகப் பழகி, வீடு காய்ந்து கிடந்த ஒரு சமயம், திடீரென்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்காரத் தொடங்கினாள். வருவது சில சொட்டு. ஒரு முறை தன் படுக்கையிலேயே. படுக்கையில் போனதும் எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. சுத்தமான டப்பாவில் காலைச் சிறுநீரைப் பிடித்து உடனே கொண்டுபோனோம். சிறுநீர்த் தொற்று. மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரை கொடுத்து முடித்ததும் பழையபடி ஆனாள். பெண் நாய்களுக்கு இது அதிகம் வரும். முக்கி முக்கி உட்காருவது, ரத்தம் கலந்து வருவது, அந்த இடத்தை ஓயாமல் நக்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் அது அவசரம், ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும்.

குட்டியாக வந்த நாளிலிருந்தே நடக்கும்போதும் தூங்கும்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால், சிறுநீர்க் குழாய் மூத்திரப்பையில் சேராமல் வேறு இடத்தில் திறக்கும் பிறவிக் குறை இருக்கலாம். பெண் குட்டிகளில் அதிகம் காணப்படுவது. எத்தனை பழக்கினாலும் நிற்காது, டாக்டர்தான் பார்க்க வேண்டும். வளர்ந்த நாய் நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தாலும் பரிசோதனை தேவை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றின் முதல் அறிகுறி இப்படித்தான் தெரியும். ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும் நாய்க்கும் தாகமும் சிறுநீரும் கூடும். அது மருந்தின் விளைவு, அந்த நாட்களில் இன்னும் அடிக்கடி வெளியே கூட்டிப்போக வேண்டும்.

ஆண் நாய்கள் ஆறு மாதத்துக்கு மேல், பருவம் வரும் சமயத்தில், காலைத் தூக்கிச் சுவரிலும் மேசைக் காலிலும் கொஞ்சமாகப் பீய்ச்சும். பழக்கம் மறந்துபோனதால் வருவது இல்லை, தன் எல்லையைக் குறிப்பது. கருத்தடை செய்தால் பல நாய்களில் குறையும். அது நடக்கும்வரை பழையபடி லீஷும் கண்காணிப்பும்தான். பெண் நாய்களும் பருவ காலத்தில் அடிக்கடி போகும்.

இன்னொன்று, நம் வீட்டில் பழகிய குட்டி அடுத்த வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்குள் கூடாது என்பது அதற்குப் பொதுவான சட்டமாகப் பதிந்திருக்காது, பழகிய அறைகளுக்கு மட்டும்தான். வீடு மாறினாலோ உறவினர் வீட்டில் தங்கினாலோ, உள்ளே நுழைவதற்கு முன்பே வெளியே ஓர் இடத்தைக் காட்டிப் போகவைத்து, முதல் இரண்டு நாள் லீஷோடு வைத்திருந்து, அந்த வீட்டுக் கால்மிதியை நாமே கேட்டுச் சுருட்டி வைத்துவிடுவது நல்லது.